முந்திக்கொண்ட கண்ணீர் அஞ்சலி

ஒரு காட்டில் ஓர் ஊர் இருந்தது. காடு என்றால் மரம் எங்கே என்று கேட்பீர்கள். மரமெல்லாம் பேனர் கட்டும் கம்பாகிவிட்டது. ஊரின் பெயர் ஒடங்காடு. ஒரு பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை, ஒரு ப்ளெக்ஸ் கடை. பள்ளிக்கூடம் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த ஊர் விலங்குகள், ஒருவர் உயிரோடு இருக்கிறவரை அவரை ஏறெடுத்துப் பார்க்காது. செத்துவிட்டால் உருகிவிடும். யார் செத்தாலும் ஆளுக்கொரு ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் கட்டியாக வேண்டும். மேலே செத்தவர் படம், கீழே அழுகிறவர் படம். செத்தவர் படம் தபால்தலை அளவு. அழுகிறவர் படம் கதவு அளவு. பேனர் கட்டாதவருக்குத் துக்கம் இல்லை, துக்கம் இல்லாதவர்தான் கொன்றிருப்பார் என்பது அந்த ஊர் போலீஸ் கண்டுபிடித்த முறை. அதை மிஞ்சிய முறை உலகத்தில் இல்லை என்று ஊரே நம்பியது.

அன்று காலை மாசிலாமணி என்ற சேவல் கூவவில்லை. அதனால் முயல் ஜெபசீலி பிந்தித்தான் எழுந்தாள். அவள் புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் கேரட் தோட்டத்தில் வேலை பார்த்தான். மூன்று குட்டிகளோடு தனியாக இருப்பவள் அவள். ஓலை அசைந்தால்கூட மூன்று தலையையும் தொட்டுப் பார்ப்பாள். வெளியூரில் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் படித்தவள் வேறு. கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும், பேசினால் உண்மையைத்தான் பேச வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒடங்காட்டில் இரண்டுமே எதற்கும் உதவவில்லை.

குட்டிகளை இழுத்துக்கொண்டு புல்லுக்குப் போனவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டாள். புதுப் பேனர், மை வாடைகூடப் போகவில்லை. மேலே சேவல் மாசிலாமணி. கீழே ஊர்த் தலைவர் சொர்ணபாண்டி என்ற நரி, கூலிங் கிளாஸைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘அன்னாரின் மறைவால் வாடும் தலைவர்.’

ஜெபசீலி சேவல் வீட்டுக்கு ஓடினாள். அங்கே சேவலின் பெண்டாட்டி பேச்சிக் கோழி, முற்றத்தைக் கிளறியபடி ஏசிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, மாசிலாமணி அண்ணனுக்கு என்னாச்சு?”

“எனக்கென்னட்டி தெரியும்? விடியுமுன்ன வெளிய போனவரு, இன்னும் காணல. வரட்டும், இருக்கு அவருக்கு.”

“அக்கா... பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டியிருக்காவ.”

பேச்சி ஓடினாள். படத்தைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை புருஷன் அந்த நொடியில்தான் செத்தார். “ஐயோ, பேனர்லயே போட்டுட்டாவளே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். உடம்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஊர் திரண்டு ப்ளெக்ஸ் கடைக்கு ஓடியது.

உடம்பு மத்தியானம்தான் கிடைத்தது. உடம்பென்றால் இரண்டு கால், ஒரு கொண்டை. குப்பை அள்ளும் பன்றி அதைத் தலைவர் வீட்டுப் பின்வாசலில் கண்டெடுத்தது. ஊர்க்குளத்தைத் தலைவர் வேலி போட்டு வளைத்துவிட்டார் என்று சேவல் முந்தின நாள்தான் கூவியிருந்தது. ஊர் அதைக் கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

எருமை இன்ஸ்பெக்டர் சேற்றைவிட்டு எழுந்து வந்தார். அவர் எழுந்ததையே நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். பின்வாசலை அவர் பார்க்கவில்லை. நேராகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்து பேனர்களைப் பார்வையிட்டார்.

“ஆடு இருக்கு. ஆந்தை இருக்கு. பன்னி... பரவால்லியே, வெரசா கட்டிட்ட. முயலு எங்க?”

கடைசிக் குட்டிக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. ஜெபசீலி கடைப்பக்கமே போகவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

“என்ன, ஒண்ணுக்குப் போணுமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார். அண்ணன் உடம்பு கெடச்சது மத்தியானம். தலைவர் பேனர் காலையிலயே கட்டியிருந்துது. செத்தது பெண்டாட்டிக்கே தெரியாதப்போ, தலைவருக்கு எப்படி சார் தெரியும்?”

கூட்டம் தலைவர் பேனரை அண்ணாந்து பார்த்தது. அந்த ஊருக்கும் மூளை இருக்குமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பிறகு ஆடு வாய் திறந்தது. “அதாம்ல தலைவரு! நமக்கெல்லாம் உடம்பு கெடச்சாத்தான் அழுகை வருது. அவருக்கு முன்கூட்டியே வருது பாரு!”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. “எம் புருசனுக்கு மொதல்ல அழுதது தலைவருதான். நானே அதுக்கப்புறம்தான்” என்று பேச்சி தழுதழுத்தாள். நரி அடக்கத்தோடு தலையைக் குனிந்தது. அதன் மீசையில் சிவப்பாக ஓர் இறகு ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பக்குவமாக எடுத்துப் போட்டார். “பாவம், மூஞ்சி கழுவக்கூட நேரமில்லாத துக்கம்.”

பிறகு முயல் பக்கம் திரும்பினார். “பொழுது அடையறதுக்குள்ள நீ ஒரு பேனர் கட்டணும். இல்லன்னா கொன்னது நீதான். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிரு.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாய்கள் இருந்தன. அங்கே போன யாரும் திரும்பி வந்து வசதி எப்படி என்று சொன்னதில்லை.

ஜெபசீலி குட்டிகளோடு ப்ளெக்ஸ் கடைக்கு ஓடினாள். கடைக்காரக் குரங்கு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

“வா தங்கச்சி, இப்பத்தான் உன்ன நெனச்சேன். உனக்கு நூறு வயசு.”

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பேனர் பாதியில் நின்றது. ‘கண்ணீர் அஞ்சலி: முயல் ஜெபசீலி மற்றும் மூன்று பச்சிளங்குட்டிகள்.’ மேலே படத்துக்கான இடம் காலி. கீழே கூலிங் கிளாஸ்.

“தலைவர் இப்பத்தான் போன்ல சொன்னாரு. நாளைக்குக் காலையில கட்டணுமாம். உங்க போட்டோ இல்லாமத்தான் வேலை நிக்குது.”

“அண்ணே... நாங்க உயிரோடல்ல இருக்கோம்?”

“அதப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. நெருங்கி நில்லுங்க, எடுத்துருதேன். சிரிக்காதீக, இது துக்க பேனர்.” செல்போன் பளிச்சென்றது.

“யம்மா, நம்ம படம் ரோட்டுல வருமா? பெருசா வருமா?” என்று மூத்த குட்டி துள்ளியது.

“மேல வைக்கிறதால சின்னதாத்தான் வரும் கண்ணு” என்றது குரங்கு.

ஜெபசீலியின் காதுகள் விறைத்து நின்றன.

“அண்ணே, பிள்ளை பெருசா கேக்கு. எங்களக் கீழ போட்டுட்டு, அவரை மேல போட்டுருங்களேன்.”

“தலைவர் ஏசமாட்டாரா?”

“தலைவரக் கீழ போடுறது மரியாதையா அண்ணே?”

குரங்கு தலையைச் சொறிந்தது. மேலே என்பது கீழேயைவிட உசத்தி என்று அதற்கே பட்டது. “ஆமா, இத்தன நாளா யாருக்கும் இது தோணலியே! அப்ப பேரையும் மாத்திருதேன்.”

அதுவரை அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

வெயில் தாழுமுன் பேனரை அவளே கட்டினாள். முதலில் பார்த்தது பேச்சிதான். “ஐயோ, தலைவரும் போயிட்டாரே!” என்ற அலறலில் டீக்கடை காலியானது. பாதிப்பேர் ப்ளெக்ஸ் கடைக்கு ஓடினார்கள். மீதிப்பேர் பாடை கட்டிக்கொண்டு நரி வீட்டுக்குப் போனார்கள்.

நரி பின்வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தது. “ஏலே, யாருக்குல பாடை? நான் இருக்கேம்ல!”

“எப்பேர்ப்பட்ட தலைவரு! செத்த பொறவும் நம்மகிட்ட பேசுதாரு” என்று ஆடு கண்ணைத் துடைத்தது.

“இன்ஸ்பெக்டரு, நீராவது சொல்லும்வே!”

“இருக்கேன்னு நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி?” என்றார் எருமை. “பேனர் வேற மாதிரி சொல்லுதே.” அவரே நரியின் காலைப் பிடித்துப் பாடையில் கட்டினார்.

பாடை பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது நரி முயலைப் பார்த்துவிட்டது. “ஜெபசீலி! தங்கச்சி! நீ பொய் சொல்லமாட்ட. நான் செத்துட்டேனா? ஒரு வார்த்த சொல்லிரும்மா!”

பாடை நின்றது. ஊர் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. குட்டிகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. எது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் நாளைக் காலையில் எந்தப் பேனரில் யார் மேலே இருப்பார்கள் என்பதும் தெரியும்.

அவள் வாயைத் திறந்தாள்.

“ஐயோ, எங்களத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீரே தலைவரே!”

ஊரிலேயே பெரிய சத்தம் அதுதான். குட்டிகளையும் ஆளுக்கொரு கிள்ளு கிள்ளி அழ வைத்தாள். “இவ்வளவு அழுகிறவ யாரையும் கொன்னிருக்க மாட்டா” என்று இன்ஸ்பெக்டர் சேவல் வழக்கை அங்கேயே முடித்துவைத்தார். பாடை நகர்ந்தது. அதற்குள் எல்லாரும் பேனர் கட்டியிருந்ததால், நரியின் சாவில் யார் மேலும் சந்தேகமில்லை. மண்ணுக்கடியில் இருந்து வந்த சத்தத்தைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை.

நீதி: பேனரில் இடம் இரண்டுதான். மேலே செத்தவர், கீழே கொன்றவர். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் யோசிக்காமல் கீழே நிற்கவும்.