துரையின் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு

உலக வரலாற்றைப் புரட்டிப்போட்ட சிவப்புகள் பல உண்டு. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து நிர்வாகியான துரையின் தொப்புளுக்கு மேலே தோன்றிய கடுகளவு சிவப்புப் பொட்டுக்கு அவையெல்லாம் ஈடாகா. தோட்ட நலன்புரிச் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதை நேரில் தரிசிக்கும் ‘பாக்கியம்’ எனக்குக் கிடைத்தது.

மாவனல்லையில் தோல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் மர்லியாவிடம் துரையோடு போனேன். துரை சட்டையைத் தூக்கினார்.

“சின்ன ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு. ஒண்டும் செய்யாது. வயசு போனா வாறதுதான், உட்டுடுங்க” என்றார் டாக்டர்.

“எடுக்க முடியாதா?”

“அழகுக்கு எண்டா கொழும்புல லேசர் அடிக்கலாம். அவசரமில்ல.”

‘வயசு’ ஒரு அவமானம். ‘அவசரமில்ல’ அதைவிடப் பெரிய அவமானம். மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினோம். பொட்டு நலம்பெற எழுந்து நின்று மௌனம் காத்தோம். ஜீப்பின் குலுக்கல் பொட்டுக்கு ஆகாது என்பதால், தோட்டத்தின் ஒரே ஆம்புலன்ஸில் துரையைக் கொழும்புக்கு அனுப்ப ஏகமனதாகத் தீர்மானித்தோம். முன்மொழிந்தவன் அடியேன்.

“ஐயா, மலையில யாருக்காவது ஒண்ணுன்னா?” என்று இழுத்தான் சாரதி தினேஷ்.

“நோயாளி வண்டியில நோயாளிதானே போறாரு?”

என் அறிவைக் கண்டு நானே வியந்தேன்.

துரை படுத்துக்கொண்டே போனார். அவிசாவளை நெரிசலில் சைரனும் போட்டார்களாம்.

அன்று காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சுமித்ராவைக் குளவிகள் சூழ்ந்து கொட்டின. முகம் வீங்கி, மேலெல்லாம் தடித்து, மூச்சுக்குத் தவித்தாள். அவள் கணவன் கிருஷ்ணராஜ் ஆபீசுக்கு ஓடி வந்தான்.

“ஆம்புலன்ஸ் எங்கங்க?”

“முக்கியமான கடமைக்குப் போயிருக்கு.”

கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு மேல் அவளைப் படுக்க வைத்தோம். கொழுந்து கெட்டுவிடக் கூடாது அல்லவா? லொறி முதலில் ஃபெக்டரிக்குப் போய்ச் சாக்குகளை இறக்கியது. பிறகுதான் கரவனெல்ல ஆஸ்பத்திரி. நிர்வாகம் என்றால் ஒழுங்கு வேண்டும். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா...” என்று சொல்லிவிட்டு, அங்கே உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

துரை வயிற்றில் பிளாஸ்டரோடு திரும்பினார். மாலை போட்டோம்.

சுமித்ரா கண் திறந்து வீடு வந்த பிறகு, தொழிற்சங்கத்திலிருந்து றமீலா என்றொரு அம்மணி விசாரிக்க வந்தார்.

“சாகக் கிடந்தவளைக் கொண்டுபோக ஒங்க தோட்டத்துல ஒரு வண்டி இல்லியா?”

தோட்டத்தின் மானத்தைக் காக்க நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அநியாயப் பழிங்க! வண்டி இருந்துச்சு. துரையோட பொட்டு அதுல படுத்திருந்துச்சு.”