தெற்கே தலை, மேற்கொண்டு ஒரு மேச்சேரிக் கடா

ஓமலூரில் இருக்கும் மதிப்புக்குரிய மாமா பூபதி அவர்களின் சமூகத்துக்கு, திருச்செங்கோட்டிலிருந்து மைத்துனன் சந்திரசேகர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், எனக்குள் புதிதாகக் குடிவந்திருக்கும் நுரையீரல் இரண்டும் ஓரளவு நலம். போனில் பேசலாம்தான், பாதியில் அக்கா பிடுங்கிக்கொள்வாள். அக்காவைப் பற்றித்தான் பேச வேண்டியிருப்பதால் கடிதம்.

ரிக் வண்டியில் காலமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு விழுங்கிய தூசியில் என் பழைய நுரையீரல் போனதும், பேர் தெரியாத ஒரு புண்ணியவான் தன்னுடையதை விட்டுப் போனதும் தாங்கள் அறிந்ததே. இப்போது அதற்கு எதிரி என் வயிறாம். சாப்பிட்டதும் படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கும், நெஞ்சு எரியாமலேயே ஏறும், அப்படியே விட்டால் உடம்பு புது நுரையீரலை வேண்டாம் என்று தள்ளிவிடும் என்று டாக்டரம்மா மைதிலி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோகிலவாணி என் மனைவி அல்ல, செக்போஸ்ட். புளி இல்லை, மிளகாய் இல்லை, காபி இல்லை, பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள் என்று கொத்தனார் கந்தனை வரவழைத்து, அந்தப் பக்கக் கால்களுக்கடியில் செங்கல் அடுக்கி, செங்கல்லைத் தரையோடு சிமெண்ட் வைத்தே பூசிவிட்டாள். சரிவில் படுத்து சௌக்கியமாகத்தான் இருந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஏஞ்சாமி, வடக்க தலை வெச்சுப் படுத்திருக்கறயே, எமனுக்கு வழி காட்டறயா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அறை குறுகல், கட்டிலைத் திருப்ப முடியாது. ஆகவே தலையணையைத் திருப்பினார்கள். கால் மலைமேல், தலை பள்ளத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாரம் அப்படியே தூங்கினேன், இருமலோ இருமல். பரிசோதனைக்குப் போனால் குழாயில் மூச்சை ஊதும் அளவு குறைந்திருக்கிறது. "என்னத்தத் திருட்டுத்தனமாத் தின்னீங்க? சொல்லுங்க!" என்று கோகிலவாணி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்த, நான் முனியப்பன்மேல் சத்தியம் செய்ய, கடைசியில் டாக்டரம்மா கட்டில் போட்டோவைக் கேட்டுப் பார்த்தார். "ஐயா, பாட்டிலக் கவுத்து வெச்சா உள்ள இருக்கறது எங்க வரும்?" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. அடுத்த மாதத்துக்குள் அளவு ஏறாவிட்டால் வயிற்றின் மேல்வாயை இறுக்கிக் கட்ட இன்னொரு ஆப்பரேஷனாம். யாரோ பெற்ற பிள்ளை கொடுத்த நுரையீரலில் வயிற்றுப் புளிப்பை ஊற்றிவிட்டேனே என்று வரும் வழியெல்லாம் அழுதேன்.

வடக்கே தலை வைக்கமாட்டேன் என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போயிருந்தாள், ஆகவே வீடு வந்ததும் கந்தனைக் கூப்பிட்டோம். வடக்கே இடித்தால் டைல்ஸ் போய்விடுமாம். "தெக்கையும் ஏத்தீரலாமுங்க" என்று ஏற்றியவன், பாதியில் நிறுத்தி, "இதுக்கு மேல ஏத்துனா மேல சுத்தற பேன் தலையச் சீவிருமுங்க" என்றான். இப்போது கட்டில் உயரமான சமதளம். ஏறினால் இறங்க முடியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறேன்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை எனக்காக முனியப்பனுக்கு நேர்ந்த கடாவை இங்கே அனுப்பி வெட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நேர்த்திக்கு உரியவன் முதல் வாய் வைக்காமல் நம் பந்தியில் யாரும் இலையைத் தொடமாட்டார்கள். நான் கறிக்குழம்பைத் தொட்டால் நுரையீரல் போகும், தொடாவிட்டால் ஊரே பட்டினி கிடக்கும். ஆகவே கடாவைத் தயவுசெய்து அனுப்பவேண்டாம். அக்காவையும் கொஞ்ச நாளைக்கு அனுப்பவேண்டாம்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல செரிமானமும் அருள முனியப்பனை வேண்டும்,
சந்திரசேகர்

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். கவரை ஒட்டும்போதே தங்கள் மேச்சேரிக் கடா டெம்போவில் வந்து இறங்கிவிட்டது. இறங்கியது கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக என் அறைக்குள் புகுந்து கட்டிலை இரண்டு முட்டு முட்ட, வடக்குக் கால்கள் செங்கல்லை விட்டுச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டன. கோகிலவாணி டெட்டால் ஊற்றி அறையைக் கழுவும்வரை மாஸ்க்கோடு வாசலில் நின்றேன். பிறகு படுத்துப் பார்த்தேன். தலை தெற்கே, அதுவும் மேட்டில்! போட்டோ பார்த்த டாக்டரம்மா, "இதச் செஞ்ச ஆளு யாருங்க? கரெக்டாப் பண்ணியிருக்காரு" என்று கேட்டார். அந்த ஆளை வெட்ட நான் விடமாட்டேன். முனியப்பனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சமாதானம் பேசிவிடுங்கள், முதல் வாய் நான் சாப்பிடுகிறேன். அக்காவும் வரட்டும். கட்டிலைத் தொடாமல் இருந்தால் போதும்.