குடியிருப்பவர் அடையாளம் தெரியவில்லை

உள்நாட்டுப் போர் முடிந்த தேசத்தில் அமைதி நிலைப்பது மக்களின் நல்லெண்ணத்தால் என்று பாமரர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதர் காலை ஒன்பது மணிக்குப் பென்சில் சீவுவதால் நிலைக்கிறது. ஏழு நட்பு நாடுகள் அனுப்பிவைத்த சிறப்புத் தூதர், நாள் தவறாமல் ஏழு பென்சில்களைச் சீவுவார். நாட்டுக்கு ஒன்றாக மேசைமேல் அடுக்குவார். எதுவும் எதையும்விட நீளமில்லை என்று உறுதியான பிறகே 'ஆழ்ந்த கவலை' தெரிவிக்கத் தொடங்குவார். காப்பி அதற்கப்புறம்தான்.

போரில் பறிபோன வீடுகளைத் தொண்ணூறு நாளில் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அமைதி ஒப்பந்தம். அதை நிறைவேற்ற உதவத்தான் தூதரின் பணியகம் வந்தது. வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. எந்தத் தொண்ணூறு நாள் என்று ஒப்பந்தத்தில் இல்லையே. பணியகம் இருந்த நகரின் பட்டியலில் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் எத்தனை ஒப்படைக்கப்பட்டன என்று கேட்பது அநாகரிகம். 'ஒப்படைப்பதற்கான சூழல் உருவாக்கப்பட்டவை' பன்னிரண்டு.

பணியகத்தின் உயிர்மூச்சு நடுநிலை. போரிட்ட இரு தரப்பும் தெருக்களுக்குத் தத்தம் வீரர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தன. எந்தப் பெயரைச் சொன்னாலும் மறுதரப்பு முகம் சுளிக்கும். ஆகவே பணியகத்தார் தெருப்பெயர் எதையும் எழுதுவதில்லை. தங்கள் வாசலிலும் முகவரிப் பலகை மாட்டவில்லை. இந்த மாசற்ற நடுநிலையின் பயனாக, தாங்கள் எந்தத் தெருவில், யாருடைய வீட்டில் அமர்ந்திருக்கிறோம் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாமலிருந்தது.

பட்டியலில் ஏழாவது, ஒரு தையற்காரம்மாளின் மாடி வீடு. அதன் கோப்பில் 'குடியிருப்பவர் அடையாளம் தெரியவில்லை' என்றிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி அந்தக் குடியிருப்பவருக்குத் தூதர் பத்தொன்பது கடிதங்கள் எழுதிவிட்டார். உறைமேல் பழைய நில அளவை எண் மட்டும் இருக்கும். தபால்காரர் இடமறிந்தவர். பணியகத்தின் மாடியிலிருந்த அனுப்பும் பிரிவில் கடிதத்தை வாங்கி, படியிறங்கி, கீழே இருந்த பெறும் பிரிவில் கொடுத்துவிட்டுப் போவார். சம்பளத்துக்கு மேல் யோசிப்பது அவர் வழக்கமன்று. பெறும் பிரிவும், நடுநிலை கருதிக் கையொப்பமோ முத்திரையோ இல்லாத தனது அச்சடித்த பதிலை மூன்றே நாளில் அனுப்பிவைக்கும்.

"இவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஆக்கிரமிப்பாளரை நான் எந்த நாட்டுலயும் பார்த்ததில்ல" என்று தூதர் செயலரிடம் சொல்லி மகிழ்வார்.

ஒரு திங்கட்கிழமை தையற்காரம்மா வந்தார்.

"உங்க விஷயத்துல நல்ல முன்னேற்றம்மா" என்றார் தூதர். "பத்தொன்பதாவது கடிதத்துக்கும் பதில் வந்துடுச்சு."

"என்ன போட்டிருக்கு?"

"உரிய கவனம் செலுத்தறாங்களாம்."

"பதினெட்டாவதுலயும் அதுதானே போட்டிருந்துச்சு?"

"பேச்சு மாறாத ஆளு. அது நல்ல அறிகுறி."

"ஐயா, நாங்க கூடாரத்துல கிடக்கோம். பொண்ணுக்கு ஒன்பதாவது மாசம். தார்ப்பாய்ல தைச்ச இடத்துலயே திரும்பத் திரும்பத் தைக்கறேன், இனிமே ஊசி குத்த இடமில்ல. மழை வர்றதுக்குள்ள வீடு வேணும். எத்தனை தடவை சொல்றது, நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதுதான் என் வீடு."

'கோரிக்கையாளரின் உணர்வுகள் பதிவு செய்யப்பட்டன' என்று செயலர் எழுதிக்கொண்டார்.

அறை புழுங்கியது. அம்மாள் எழுந்து ஜன்னலருகே போனார்.

"அது திறக்காதும்மா" என்றார் செயலர். "ஏழு நாட்டு நிபுணர்களும் பார்த்து அறிக்கை குடுத்திருக்காங்க."

அம்மாள் ஜன்னல் சட்டத்தின் அடியில் முழங்காலால் ஓர் இடி இடித்து, மேலே தூக்கி, இடப்பக்கம் தள்ளினார். மூன்றாண்டுக் காற்று ஒருசேர உள்ளே வந்தது.

"நிபுணருங்களுக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரியாது" என்றார். "தாழ்ப்பாளைத் தலைகீழா மாட்டின புண்ணியவான் அவர்தான். பதினாறு வருஷமா திட்டறேன், இன்னும் ஒத்துக்கல."

தூதர் ஜன்னலைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். தாம் அமர்ந்திருந்த நாற்காலியையும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆக்கிரமிப்பாளரைக் கண்டித்துத் தாம் எழுதிய சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் நல்ல காரமான சொற்கள்.

"சார், அப்ப அடையாளம் தெரியாத அந்த ஆளு..." என்று இழுத்தார் செயலர்.

"அவசரப்பட்டு யார் மேலயும் பழி போடக் கூடாது. முதல்ல ஒரு கூட்டுக்குழு அமைப்போம்."

"குழு எத்தனை நாள் உட்காரும்?" என்றார் அம்மாள்.

"தொண்ணூறு நாள்."

"பிள்ளை பத்து நாள்ல வந்துடும் ஐயா. அதுக்கு இன்னும் நடுநிலை பழகல."

கூட்டை இழந்த சிட்டுக்குருவிக்கு நீதி வழங்க, அந்தக் கூட்டிலேயே அமர்ந்து விசாரணை நடத்தியதாம் ஒரு பருந்து. தூதர் சிறுவயதில் கேட்ட கதை. பருந்து வேறு யாரோ என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தார். சாவிக்கொத்தை எடுத்து அம்மாளின் கையில் வைத்தார்.

"நாளைக்கே வந்துடுங்கம்மா."

"சார், நாம எங்க போறது?" என்று பதறினார் செயலர்.

"எங்க கூடாரம் காலியாத்தானே கிடக்கும்" என்றார் அம்மாள், தாராளமாக.

பணியகம் கூடாரத்துக்குக் குடிபோயிற்று. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. 'நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்படுகிறது' என்ற அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போதே அது கரைந்தது. ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் கோப்புகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, வீடுகளை உடனே ஒப்படைக்க நின்றபடியே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். இதற்குமுன் அவர்கள் ஒருமனதாக எதையும் செய்ததில்லை. தூதர் இரு தரப்புத் தளபதிகளையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, கூரை அதிகமாக ஒழுகிய இடத்துக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உபசரித்தார். ஒரே மணி நேரத்தில் இருவரும் அந்தத் தீர்மானத்தில் கையொப்பமிட்டார்கள். ஒன்பது நாளில் மீதிப் பதினொரு வீடுகளும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

தலைநகரங்களிலிருந்து வாழ்த்துகள் குவிந்தன. பிற நாடுகளிலும் பின்பற்றத்தக்க 'செயல்முறை' என்னவென்று கேட்டிருந்தார்கள்.

தூதர் குடை பிடித்துக்கொண்டு தையற்காரம்மாளின் வீட்டுக்குப் போனார். உள்ளே பிறந்த குழந்தை ஒன்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க ஐயா, நனையறீங்க."

"இல்லம்மா. மூணு வருஷம் கேட்காமயே உள்ள இருந்துட்டேன், இன்னைக்கு வெளியவே நிக்கறேன். நீங்க சொன்னதை ஒரு நாளும் நான் காதுல வாங்கல. தப்பு என்னோடது, என்னை மன்னிச்சுடுங்க. ஒன்பது நாள் வேலைம்மா இது. உங்க கூரைக்குக் கீழ சுகமா இருந்ததால எனக்குத் தெரியாமப் போச்சு."

அம்மாள் வாசற்படிக்கு வந்தார்.

"உங்களை எல்லாம் முதல் நாளே அந்தக் கூடாரத்துல உட்கார வச்சிருந்தா, நாங்க மூணு மழைக்காலம் நனைஞ்சிருக்க வேண்டாமே ஐயா."

தூதர் கூடாரத்துக்குத் திரும்பினார். அமைதிப் பணியகங்கள் அனைத்தும் இனிக் கூடாரங்களிலேயே இயங்கவேண்டும் என்பதை இறுதி அறிக்கையின் முதல் பரிந்துரையாகத் தம் கையாலேயே எழுதி, ஏழு தலைநகரங்களுக்கும் அனுப்பினார். ஏழு நாடுகளும் அதை மனமார வரவேற்றன. பரிசீலிக்க ஒரு குழுவும் அமைத்திருக்கின்றன. குழு வாரந்தோறும் கூடுகிறது, சொட்டு நீரும் ஒழுகாத ஒரு கட்டடத்தில்.