மூன்று டம்ளர் தண்ணீர்

"சொல்லியாச்சு. பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் தண்ணியை நீங்களே குடிச்சுக் காட்டப்போறீங்க" என்றார் மேனேஜர், ஏதோ பதவி உயர்வு கொடுப்பவர் மாதிரி.

மறுப்பு சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அந்த எண்ணெய்க் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். ஆலைக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பின் அடிபம்பில் எண்ணெய் கலந்து வருகிறதென்று புகார் வரும்போதெல்லாம், "தண்ணீர் குடிக்க உகந்ததே" என்று மறுப்பு அறிக்கை எழுதுவது அவர் வேலை. இதுவரை பதினான்கு எழுதியாகிவிட்டது. அதனால் ஆபீசில் எல்லாருக்கும் அவர் 'மறுப்பு சார்'தான்; சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்தத் தண்ணீரை அவரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"எப்ப சார்?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு."

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள்.

"நல்ல தண்ணின்னு நீங்கதானே எழுதினீங்க? குடிக்க என்ன?"

"எழுதறது வேற, குடிக்கறது வேற."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவர் பயந்த சுபாவம் அவளுக்குத் தெரியும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பினாள்.

"யாருக்கும் தெரியாம இதை மாத்திக் குடிச்சுடுங்க. நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க."

"பளிச்சுனு இருக்கே. ஒருத்தனும் நம்ப மாட்டான்."

நிறத்துக்காக ரெண்டு சொட்டு டீத் தண்ணீர் விட்டார்கள். போதவில்லை என்று ரெண்டு ஸ்பூன். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் பாட்டிலில் இருந்தது சர்க்கரை போடாத டீ.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஆபீஸ் பேன்ட்ரிக்குப் போனார். அங்கே டீ போடும் அக்கா அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. பதினோரு மணிக்கு ஜக்குல இதை ஊத்திடுங்களேன்."

அக்கா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"டீயா சார்? அதுக்குத்தான் நான் இருக்கேனே."

விஷயத்தைச் சொன்னார். அக்கா பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"என் பிள்ளைங்க நாலு வருஷமா அந்தத் தண்ணியைத்தான் குடிக்குதுங்க சார். நீங்க ஒரு டம்ளர் குடிங்க."

அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்திரிகைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? கம்பெனி கொண்டுவரும் தண்ணீரை நம்பமாட்டோம், அங்கேயே குடியிருப்பவர்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அக்கா அடிபம்பில் குடத்தை நிரப்பியதைப் படம் எடுத்தார்கள். குடத்தோடு ஆபீஸ் வாசல்வரை நடந்ததையும் எடுத்தார்கள். அக்கா பேன்ட்ரிக்குப் போய், எவர்சில்வர் ஜக்கில் ஊற்றிக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரோடு கூட்டத்துக்கு வந்தார்.

மறுப்பு சார் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். அடிநாக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"சார், டம்ளர் முகத்தை மறைச்சிடுச்சு. இன்னொரு தடவை?"

குடித்தார். உதட்டில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

"கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே குடிங்க சார்."

மூன்றாவது டம்ளரும் உள்ளே போனது.

"பாத்தீங்களா?" என்று மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கார்!"

குத்துக்கல் மைக்கையும் இழுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தது. அத்தனை கேமராவும் அதை விடாமல் எடுத்தன.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "அதிகாரிக்கு ஏற்கெனவே அல்சர்" என்று கம்பெனி அறிக்கை விட்டது.

"அல்சரா?" என்று அவர் மனைவி கேமரா முன்னாலேயே கொதித்தாள். "கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவருக்கு!"

அளவுக்கு மீறிச் சாப்பிட்டதுதான் காரணம் என்று அடுத்த அறிக்கை வந்தது.

"பயத்துல முந்தின நாள்லேர்ந்து பச்சைத்தண்ணிகூட பல்லுல படல!"

அதோடு கம்பெனிக்குக் கையொடிந்துபோயிற்று. உருப்படியாக மறுப்பு எழுதத் தெரிந்த ஒரே ஆள் படுக்கையில் கிடந்தார். ஊரே திட்டியது. வேறு வழியில்லாமல் கசிந்துகொண்டிருந்த கழிவுக் குழியை மூடினார்கள். குடியிருப்புக்குத் தினமும் லாரித் தண்ணீர், சீக்கிரமே குழாய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டர்தான் தலையைச் சொறிந்தார். "டெஸ்ட் எல்லாம் சுத்தமா இருக்கு. எனக்கே ஒண்ணும் புரியல. எதுக்கும் இன்னும் ஒரு நாள் இருங்க."

மூன்றாம் நாள் அக்கா ஃபிளாஸ்கில் டீயோடு பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் மறுப்பு சாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு நாள் குடிச்ச எனக்கே இந்தக் கதின்னா உங்க பிள்ளைங்க எப்படிக்கா தாங்குச்சு? பதினாலு தடவை எழுதினேனே, ஒரு தடவையாவது வந்து பாத்தேனா? மன்னிச்சுடுங்கக்கா."

அக்காவுக்கும் கண் கலங்கியது.

"அழாதீங்க சார். குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பிச்சாச்சு. இன்னிக்குத்தான் என் பிள்ளைங்க மூக்கைப் பிடிக்காம தண்ணி குடிச்சுதுங்க."

அதைக் கேட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த மூன்று டம்ளர் வீண்போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உண்மையை எழுத வேண்டும்போல் இருந்தது.

"டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலையா, 'அந்தத் தண்ணி குடிக்க லாயக்கில்லை, குடிச்சுக் கெட்ட நானே சாட்சி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறேன்."

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் காதருகே குனிந்தார்.

"தண்ணி மோசம்னு தாராளமா எழுதுங்க, ஆனா சாட்சின்னு மட்டும் போட்டுடாதீங்க சார், ரெண்டு பிள்ளை பெத்த மனுஷனுக்கு அதை ஊத்த எனக்குக் கை வரல, நீங்க குடிச்ச மூணு டம்ளரும் ஆபீஸ் ஃபில்டர் தண்ணிதான்."