பந்தைத் தொடாதவரோடு ஒரு மோதல்

பெற்ற பிள்ளை வேறொருவரை வாய் பிளந்து பார்க்கும்போது வரும் எரிச்சலுக்கு மருந்தே இல்லை. எனக்கு அந்த நோய் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பலெர்மோவில் பிடித்தது. நோயின் எடை நூற்று முப்பது கிலோ.

நான் ஓர் இத்தாலிய அம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், வீட்டில் சமையலும் துப்புரவும் பார்த்துவந்தேன். அவருடைய மகளைக் கட்டியவர் டேரல் என்ற அமெரிக்கர். தங்கள் நாட்டு ஃபுட்பாலைப் பதினொரு வருடம் தொழிலாக ஆடி ஓய்ந்தவர். முன்வரிசையில் நின்று, பந்து வைத்திருக்கும் தன் ஆளை எதிரிகள் நெருங்காமல் தடுப்பதுதான் அவர் வேலை. பந்தை அவர் தொடவே தேவையில்லை. ஒரே ஒரு தடவை, நழுவி உருண்ட பந்தின்மேல் விழுந்து படுத்திருக்கிறார். அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. (படுத்ததுக்குப் படமாம்! நான் ஒவ்வொரு நாளும் படுக்கிறன், ஆர் படம் எடுத்தது?)

சனிக்கிழமைகளில் என்னோடு அங்கே வரும் பதினொரு வயது மகள் சுபா, அவருடைய ஆட்டங்களைத் தேவாரம்போல் ஒப்புவிப்பாள். நான் லொறிக்குள் ஒளிந்து மூன்று எல்லைகள் கடந்துவந்த கதையை அவள் ஒருநாளும் கடைசிவரை கேட்டதில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள், நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் சிஞ்ஞோராவின் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் விருந்து. நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு தணலில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, டேரலைத் தாண்டி ஒருத்தரும் போகேலாது, தெரியுமோ?" என்றாள் சுபா.

"நான் போவன்."

"சும்மா அடுப்பைப் பாருங்கோ," என்றாள் என் மனைவி. "அந்தாள் தும்மினாலே நீங்கள் ஒரேத்தோ ஆத்திலை போய் விழுவியள்."

அவளுக்குத் தெரியாது, எனக்குக் கிளித்தட்டு கைவசம் இருந்தது. கோட்டில் நிற்பவனின் கை படாமல் நழுவிப்போகும் அந்த விளையாட்டில் நான் பள்ளிக்கூட அணிக்கே ஆடியவன். (ஆள் காணாமல்தான் சேர்த்தவை. அது வேறை கதை.)

ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு, முடிந்தால் என்னை மறித்துப் பாரும் என்று டேரலிடம் சவால் விட்டேன். அவர் சிரித்தபடி புல்லில் குனிந்து நின்றார். இடப்பக்கம் பாய்வதுபோல் காட்டி வலப்பக்கம் வெட்டினேன். சுபா வாய் பிளந்தாள். என்னைப் பார்த்து! அந்த நொடியில் என் தோளில் அவருடைய விரல் பட்டது.

கிளித்தட்டில் கை பட்டால் ஆட்டம் இழந்தாய். நான் நேர்மையானவன். "சரி, அவுட்," என்று அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அமெரிக்காவில் அப்படி யாரும் நின்றதில்லை போலும். பாய்ந்துவந்த நூற்று முப்பது கிலோவால் நிற்க முடியவில்லை. மண்டரின் இலைகள் தெரிந்தன. பிறகு டேரல் மட்டுமே தெரிந்தார். எனக்குள் ஒரு விலா எலும்பு 'டக்' என்றது.

அவர் உருண்டு விலகியதும் சுபா அழுதபடி ஓடிவந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

"டேரல், உங்கடை முழங்கால்!"

அது இரண்டு முறை அறுத்துத் தைத்த முழங்காலாம்.

என்னைக் குழந்தைபோல் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனதும் டேரல்தான். நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிந்தது.

பத்து வருடம் கழிந்து, சுபா இப்போது மிலானோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஞாயிறுதோறும் பதறிக்கொண்டு தொலைபேசி எடுப்பேன். "முதல் அந்தாளின்ரை முழங்காலை விசாரியுங்கோ!" என்று மனைவி பின்னாலிருந்து கத்துவாள். வீடே சிரிக்கும்.

போன கிழமை என் முழங்கால் வீங்கியதைச் சொன்னேன். சுபா துடித்துப்போனாள். எனக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது.

"பயப்படாதேங்கோ அப்பா," என்றாள். "டேரல் என்ன மருந்து பூசினவர் எண்டு இப்பவே கேட்டுச் சொல்லுறன்."