வெள்ளைத்தாள் கொடுத்த வாத்தியார்

ஏரியூர்,
14-6-1987

மைத்துனர் பிலவேந்திரன் அவர்களுக்கு அருள்நாதன் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவில் உங்கள் தங்கை மிக்கேலம்மாள் சுகம், ஆடுகள் சுகம். என் மானம் ஒன்றுதான் சுகமில்லை.

புதிய கல்விக் கொள்கை வந்துவிட்டதல்லவா? பிள்ளைகளைத் திருத்துமுன் வாத்தியார்களைத் திருத்த வேண்டுமென்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நாற்பத்தொன்பது பேரைப் பத்து நாள் பயிற்சிக்குக் காரிமங்கலம் வரச் சொன்னார்கள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் உள்ள தலைமை ஆசிரியரான என்னை, முழங்கால் நுழையாத பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். கடைசி நாள் பரீட்சை. கேள்வி ஒன்றே ஒன்று: 'உங்கள் வகுப்பில் பின்தங்கிய ஒரு குழந்தையின் பெயரை எழுதி, அதற்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்று விளக்குக.' எனக்கு வேர்த்துவிட்டது. என் வகுப்பின் கடைசி வரிசை கண்ணில் தெரிகிறது, மச்சான். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. எல்லாரையும் 'டேய்', 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டியிருக்கிறேன். கற்பனையாக ஒரு பெயர் எழுதவும் கை வரவில்லை. கண்காணிக்க வந்த அம்மா டீ குடிக்கப் போயிருந்தார். பேனாவை மூடிவிட்டு எழுந்தவன், பழக்க தோஷம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்துவிட்டேன். "திரும்பாத! உன் பேப்பரப் பாரு!" என்று என்னைவிட மூத்த தீர்த்தகிரி வாத்தியாரையே அதட்டினேன். மணி அடித்ததும் எல்லாத் தாள்களையும் நானே வாங்கிக் கட்டி அந்தம்மாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தவர், "சார், உங்க பேப்பர் எங்கங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதில் என் பெயர் மட்டும் இருந்தது.

வெட்கமாக இருக்கிறது, மச்சான். பிள்ளைகளின் பெயர் தெரியாதவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. விருப்ப ஓய்வு கேட்டு உதவிக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொம்மிடியில் ஸ்டேஷன் பக்கம் சின்ன வீடாகப் பாருங்கள். அன்று என் பார்வையில் ஒருவர்கூடக் காப்பி அடிக்கவில்லை. அந்த ஒரு பெருமையோடு வந்துவிடுகிறேன். "எங்கண்ணனுக்கு இதயெல்லாம் எழுதாதீங்க" என்று மிக்கேலம்மாள் அழுகிறாள், படித்ததும் கிழித்துவிடவும். அக்காவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சி. அருள்நாதன்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். இதைத் தபாலில் போடுமுன் அலுவலர் கூப்பிட்டனுப்பினார். "நாப்பத்தெட்டு பேரும் மாதப்பன்னு ஒரே பேரத்தான் எழுதியிருக்காங்க சார். ஒரே பையன் நாப்பத்தெட்டு ஸ்கூல்ல பின்தங்க முடியுங்களா? பொய் எழுதாதது நீங்க ஒருத்தர்தான்" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த முகாமில் பாடம் நடத்த என்னையே போட்டிருக்கிறார். தலைப்பு: குழந்தைகளை அறிதல். வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. என் வகுப்பில் முப்பத்தாறு பேர். நேற்றிலிருந்து மனப்பாடம் செய்கிறேன், மச்சான்; பதினொன்றுதான் நிற்கிறது.