அடுப்படியில் ஏறிய சுருதி

ஐம்பத்திரண்டாவது வயதில் புல்லாங்குழல் கற்றுக்கொள்வதென்று குன்னூர் ஆறுக்குட்டி முடிவெடுத்தார். கலைத் தாகம் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. அவருக்கு இருந்ததெல்லாம் அசதி.

இருபத்திமூன்று வருஷமாக ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் குமாஸ்தா. தேயிலை விலை விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. பச்சை இலை கொண்டுவருகிற விவசாயிகள் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டார்கள். ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, மிச்ச நாலு நாளும் லீவு. உழைத்துக் களைத்தவனுக்குத் தூக்கமாவது வரும், சும்மா இருந்து களைத்தவனுக்கு அதுவும் வராது. ஆறுக்குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மிஷின் சத்தம் கேட்கிறதா என்று பள்ளத்தாக்குப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பார். கேட்காது. மனசு கனக்கும்.

அவர் மனைவி மரகதம் காதையெல்லாம் கொடுக்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்து விறகடுப்பைப் பற்றவைத்தாள். தேயிலைச் செடி கவாத்து வெட்டின விறகு சும்மாவே கிடைத்தது. நூற்றிருபது இட்லி, ஒரு குண்டா சாம்பார், ஒரு தூக்கு சட்னி. ஏழரைக்கு டிரைவர் லூயிஸின் ஜீப் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாட்ஜுகளுக்குப் போய்விடும். இப்படி மூன்று மாதமாகக் குடும்பம் ஓடியது.

ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. ஒருநாள் விடியற்காலையில் கம்பளிக்குள் சுருண்டிருந்த ஆறுக்குட்டியின் காதில் விழுகிறமாதிரி மரகதம் தேங்காய் மூடியிடம் சொன்னாள்: "இன்னொரு கை இருந்தாத் தேவலை."

ஆறுக்குட்டி சுற்றிலும் பார்த்தார். வீட்டில் சும்மா இருந்த கைகள் இரண்டே இரண்டு. இரண்டும் அவருடையவை.

அவர் ஆபீஸ் மனிதர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குப் போனதில்லை. தண்ணீர்தான் அவரிடம் வரும். மகள் இந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் இருவர்தான். இனி வெங்காயம் உரிக்கவேண்டி வரும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே பரண்மேல் கிடந்த பழைய புல்லாங்குழலை எடுத்துத் தூசி தட்டினார். ஃபேக்டரி ஆயுதபூஜையில் ஒரே பாட்டைப் பதினைந்து வருஷம் வாசித்த குழல் அது.

"மரகதம், நான் ஆன்லைன்ல புல்லாங்குழல் கத்துக்கப் போறேன் புள்ள."

"நல்லதுங்க. எந்நேரத்துக்குங்க கிளாசு?"

"விடியால அஞ்சரைலருந்து ஏழு வரைக்கும்."

"மத்தியானம் இல்லீங்களா?"

"சாதகம்னா விடியாலதான் பண்ணோணும். வாத்தியாரு மதுரைக்காரரு. ரொம்பக் கண்டிப்பாம்."

மதுரை வீரையா மாஸ்டருக்கு மத்தியானமும் ஒரு வகுப்பு இருந்தது. அதை ஆறுக்குட்டி சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். மரகதம் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு, "வகுப்புல சேந்தா யாருக்குங்க போன் பண்ணிச் சொல்லோணும்?" என்றாள். வகுப்பு விவரமெல்லாம் மாஸ்டரின் மனைவி சசிரேகாவம்மாதான் பார்த்துக்கொள்கிறாராம், அந்த நம்பர் இது என்று ஆறுக்குட்டி கொடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளில் அது முக்கியமானது.

மரகதம் முகம் கோணவில்லை. முன்னறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் திரையாகவே கட்டிக்கொடுத்தாள்.

"இது எதுக்கு புள்ள?"

"செவுரு பாசி புடிச்சுக் கெடக்குதுங்க. மதுரைக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் வருந்தினார். ஒரு கணம்தான்.

வகுப்பு தொடங்கியது. போன் திரையில் மாஸ்டரின் முகமும் குழலும் மட்டும் தெரியும். அவருக்குப் பின்னால் பளிச்சென்று வெள்ளை டைல்ஸ் சுவர். ஒலிப்பதிவுக்கூடம் என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று ஆறுக்குட்டி பயபக்தியோடு நினைத்துக்கொண்டார். நடுநடுவே குக்கர் விசில் கேட்கும். "பக்கத்து வீடு. நீங்க சுருதியக் கவனிங்க" என்பார் மாஸ்டர்.

சுருதிதான் பிரச்சினை.

"என்னய்யா இது? தம்பூரா ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. சட்ஜம் தரையில கெடக்கு."

"நல்லாத்தான் ஊதறனுங்க மாஸ்டர்."

"உதட்ட இறுக்காதீங்க. குழலக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்க. விரலால துளைய மூடுங்க, அமுக்காதீங்க. அது என்ன, டவுசர் பட்டனா?"

ஆறுக்குட்டி உதட்டைத் தளர்த்தினார். குழலைத் திருப்பினார். பதினாறு எண்ணும்வரை ஒரே மூச்சில் 'சா' பிடித்தார். காது சிவந்தது, கண் பிதுங்கியது, சுருதி மட்டும் ஏறவில்லை. மங்கி குல்லா, மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டும் முன்னறையில் கை விறைத்தது. இருபத்தாறு வருஷமாக இருக்கிற வீடு, இந்த வருஷம் மட்டும் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இந்தக் குளுரு இருக்குதே, அதான் புள்ள காரணம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றபடி மரகதம் சாம்பாருக்குப் பருப்பு கடையப் போனாள்.

ஒரு மாதம் போயிற்று. மாஸ்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். "பங்குனி ஒண்ணாந்தேதி பரீட்சை. சுருதி சேந்தா அடுத்த பாடம், ஜண்டை வரிசைக்கு வருவீங்க. சேராட்டி விடியக்காலை வகுப்புல எடமில்ல. மத்தியான வகுப்புக்குப் போயிருங்க."

மத்தியான வகுப்பு! அப்படியானால் விடியற்காலையில் கைகள் சும்மா இருக்கும். தேங்காய் மூடியும் மரகதமும் காத்திருந்தார்கள். ஆறுக்குட்டிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

மறுநாள் காலை குழல் அதனிடத்தில் இல்லை. "அடுப்போரம் வெச்சனுங்க, சில்லுனு கெடந்துது" என்று மரகதம் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது. வாயில் வைத்து ஊதினார். தம்பூராவோடு 'சா' ஒட்டிக்கொண்டது! மாஸ்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். குழல் ஆறியது, சுருதியும் இறங்கியது.

ஆறுக்குட்டி இருபத்திமூன்று வருஷம் ஆபீசில் யோசித்த மூளையால் யோசித்தார். குளிரில் குழல் சுருதி இறங்குகிறது. சூட்டில் ஏறுகிறது. வீட்டில் சூடான இடம் எது?

"மரகதம்! இனிமே நான் அடுப்படியிலதான் சாதகம் பண்ணுவேன்!"

"ஐயோ, வேண்டாமுங்க. ஆம்பளைங்க அடுப்படியில உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்."

"புகைங்க. கண்ணு எரியுமுங்க."

"எரிஞ்சாப் பரவால்ல!"

"உங்க இஷ்டமுங்க" என்று பெருமூச்சு விட்டாள் மரகதம். அடுப்புக்கு ரெண்டடி தள்ளி ஒரு முக்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. அதை ஆறுக்குட்டி கவனிக்கவில்லை, வெற்றி மயக்கத்தில் இருந்தார்.

முதல் நாள் சுருதி கிண்ணென்று நின்றது. ஆறு மணிவாக்கில் அடுப்பு தணிந்தது. கூடவே 'சா'வும் தணிந்தது. மரகதம் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, அடுப்பு எறங்குது!"

"என் கையெல்லாம் மாவுங்க. நீங்க வாசிங்க, போச்சாது."

போச்சாது என்று எப்படி விடுவது? பரீட்சை இருக்கிறதே. ஆறுக்குட்டியே குனிந்து விறகைத் தள்ளினார். பற்றவில்லை. ஊதாங்குழலை எடுத்து ஊதினார். பதினாறு எண்ணும் மூச்சு அல்லவா! அடுப்பு குப்பென்று பிடித்தது. "மாஸ்டரு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றாள் மரகதம். அவருக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எது எப்படி நடந்தது என்று அவருக்கே வரிசையாகச் சொல்ல வராது. அடுப்பு அவர் பொறுப்பாயிற்று. மாஸ்டர் மற்ற மாணவர்களைக் கேட்கிற இடைவெளியில் சும்மா உட்கார்ந்தால் விரல் விறைத்துவிடும். விரல் விறைக்காமலிருக்கச் சின்ன வெங்காயம் உரிப்பது நல்லது என்று அவரே கண்டுபிடித்தார். மணிக்கட்டு தளரவேண்டும் என்றார் மாஸ்டர். தேங்காய் துருவினால் தளர்ந்தது. மரகதம் ஒன்றையும் கேட்கவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று மட்டும் தினமும் சொல்வாள், சொல்லிக்கொண்டே அடுத்த தேங்காய் மூடியை நகர்த்துவாள்.

அவளுடைய கையில் இருந்த சூட்டுக்காயங்களை அங்கே உட்கார்ந்தபோதுதான் பார்த்தார். பழையது, புதியது என்று அடுக்கடுக்காக இருந்தன. மூன்று மாதம் இவள் தனியாக இதைச் செய்துகொண்டிருந்தபோது நாம் கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாயிற்று. அன்றைக்கு இரண்டு தேங்காய் கூடுதலாகவே துருவினார். அன்று வெகுநாள் கழித்து நன்றாகத் தூக்கமும் வந்தது.

பங்குனி ஒன்றாந்தேதி பரீட்சை. சுருதி அசையவில்லை. "தேறிட்டீங்கய்யா!" என்றார் மாஸ்டர். ஆறுக்குட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வெயில் காலம் வருகிறது, இனி பழையபடி இங்கேயே வாசிக்கலாம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பின்னால் இருந்த போர்வைத் திரையை விலக்கினார்.

போர்வைக்குப் பின்னால் சன்னல் இருந்தது. அது இருபத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது ஒரு சாண் திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமலிருக்க இடுக்கில் ஒரு கொட்டாங்குச்சி செருகியிருந்தது. அதில் பாசியே பிடித்திருந்தது.

கொட்டாங்குச்சியோடு அடுப்படிக்கு வந்தார்.

"இது என்ன புள்ள?"

மரகதம் திரும்பிப் பார்த்தாள். மறைக்கவில்லை. "கொட்டாங்குச்சிங்க."

"சன்னல்ல எதுக்கு வெச்ச?"

"காத்து வரட்டும்னுங்க. குளுந்தாக் குழலு எறங்கிரும்னு சசிரேகாக்கா சொன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"நீங்க நம்பரு குடுத்தீங்கல்ல, அன்னைக்கேதானுங்க. மத்தியான வகுப்பும் இருக்குதுன்னாங்க."

மரகதம் இட்லித்தட்டை இறக்கி வைத்தாள். "வான்னு கூப்புட்டா வந்திருப்பீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. வந்திருக்கமாட்டார் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் ஆம்பளை அல்லவா. மாஸ்டரிடம் சொல்லி, உங்கள் வீட்டம்மா செய்தது நியாயமா என்று கேட்டே தீருவது என்று தீர்மானித்தார்.

மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்தார். வேறெங்கே, முக்காலியில்தான். மடியில் தேங்காய்த் துருவி.

"மாஸ்டர், உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கோணும்."

"கேளுங்கய்யா" என்று மாஸ்டர் முன்னால் குனிந்தார். அவர் முழங்கை பட்டு, அந்தப் பக்கம் போன் சரிந்தது. வெள்ளை டைல்ஸ் சாய்ந்தது. அதன்கீழே கேஸ் அடுப்பு தெரிந்தது. அடுப்பின்மேல், இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டில் விசிலடித்த குக்கர் இருந்தது. கடைசியாக வீரையா மாஸ்டரின் மடி தெரிந்தது. மடியில் ஒரு தட்டு, தட்டில் பாதி துருவின தேங்காய் மூடி.

குருவும் சீடனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தேங்கா துருவியாச்சா?" என்று மதுரையில் சசிரேகாவம்மாவின் குரல் கேட்டது.

"தேங்கா ஆச்சுங்களா?" என்றாள் குன்னூரில் மரகதம்.

"இதோ ஆச்சு!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், ஒரே சுருதியில்.